பச்சத்தண்ணி குளியல் நல்லதுன்னு போட்டீங்க, யாருக்கு ஆகாதுன்னு போடலியே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல பச்சத்தண்ணில குளிச்சா எதிர்ப்பு சக்தி கூடும், கொழுப்பு கரையும், மனசு லேசாகும்னு ஒரு பக்கம் முழுக்க கட்டுரை போட்டிருந்தீங்க. படமெல்லாம் ஜோரா இருந்துச்சு, ஐஸ் கட்டி மிதக்குற தொட்டிக்குள்ள ஒரு பையன் கழுத்தளவு உக்காந்து சிரிச்சிட்டு இருக்கான். கார்த்திகை மாசமா பாத்து இத போட்டதுதான் எனக்கு உறுத்துது. நான் கவர்மென்ட் ஆஸ்பத்திரில ஸ்டாஃப் நர்சா இருந்து ரிட்டயர்டு ஆனவ, வீடு தென்காசில. இப்ப எங்க தெருவுல எந்த வீட்டுல பாத்தாலும் ஒரு ஆளு மாலை போட்டிருக்காரு, விடியக்காலம் நாலரைக்கு எந்திரிச்சு தலைக்கு பச்சத்தண்ணி, சாயங்காலம் திரும்ப ஒருக்கா, 41 நாளும் இப்படித்தான். அதுல நெறைய பேரு அம்பது தாண்டினவங்க, பிரஷர் மாத்திரை சுகர் மாத்திரை போடறவங்க, இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வெச்சவங்க கூட உண்டு. மலைக்கு போற வழில குத்தாலத்துல இறங்கி அருவில தலைய குடுத்துட்டு போற வெளியூர் சாமிமார் கூட்டம் வேற. இத்தன பேரு படிக்கிற பேப்பர்ல, யாரு டாக்டர கேட்டுட்டு குளிக்கணும்னு ஒரு வரி, ஒரே ஒரு வரி போட்டிருக்கலாம்ல.

நான் பச்சத்தண்ணிக்கு எதிரி கெடையாது, சின்ன வயசுல இருந்து அருவிலயும் ஆத்துலயும் குளிச்சு வளந்தவதான். ஆனா சில்லுன்னு தண்ணி திடீர்னு மேல பட்டா ஒடம்புக்குள்ள என்ன நடக்குதுன்னு சொல்லாம நன்மைய மட்டும் அடுக்கக்கூடாது. தண்ணி பட்ட ஒடனே ஹப்புன்னு மூச்ச உள்ள இழுப்போம் பாருங்க, அது நம்ம கட்டுப்பாட்டுல இல்ல. தோல்ல இருக்குற ரத்தக்குழாய் எல்லாம் சுருங்குது, ரத்தம் உள்பக்கமா தள்ளப்படுது, பிரஷர் ஏறுது, நெஞ்சு படபடன்னு அடிக்குது, மூச்சு வாங்குது. முதல் அரை நிமிஷத்துல உச்சத்துக்கு போயி ரெண்டு மூணு நிமிஷத்துல தானா அடங்கிரும். காலேஜ் பையனுக்கு இது ஒரு கிக்கு, அவ்வளவுதான், ஆனா இதயத்துக்கு போற ரத்தக்குழாய்ல ஏற்கனவே அடைப்பு இருக்கறவருக்கு அந்த அரை நிமிஷம் பெரிய பாரம். விடியக்காலத்துல இருந்து மத்தியானம் வரைக்கும்தான் பொதுவாவே மாரடைப்பு அதிகமா வரும், எந்திரிச்ச ஒடனே பிரஷர் தானாவே ஏறுற நேரம் அது, வெறும் வயிறு, முந்தின நாளு காலைல போட்ட மாத்திரையோட வேகமும் கொறஞ்சிருக்கலாம், அந்த நேரம் பாத்து தலையில சில்லுன்னு ஊத்துறோம்.

இங்கிலாந்துல போர்ட்ஸ்மவுத் யுனிவர்சிட்டில மைக் டிப்டன்னு ஒரு பேராசிரியர் பல வருஷமா இந்த குளிர்தண்ணி அதிர்ச்சிய பத்தியே ஆராய்ச்சி பண்றவரு. அவரும் கூட இருக்கறவங்களும் சொல்ற ஒரு விஷயம், குளிர்ச்சி பட்டா இதயம் வேகமா அடிக்க பாக்கும், அதே நேரம் மூஞ்சி தண்ணிக்குள்ள போச்சுன்னா இதயத்த மெதுவாக்குற இன்னொரு அனிச்சை கெளம்பும், ரெண்டும் ஒண்ணா வரும்போது துடிப்பு தாறுமாறா ஆக வாய்ப்பு இருக்காம். ஆனா நல்ல சேதியும் அங்கேருந்தே வருது, கொஞ்ச கொஞ்சமா அஞ்சாறு தடவ பழக்கினாலே இந்த அதிர்ச்சி நல்லா கொறையுது. அதனால மாலை போட்ட மொத நாளே தொபுக்குன்னு தலையில ஊத்தாம, அதுக்கு முன்னாடி ஒரு வாரம் வெளாவுற வெந்நிய நாளுக்கு நாள் கொறச்சுக்கிட்டே வந்தா ஒடம்பு ஏத்துக்கும்.

எதிர்ப்பு சக்தி கூடும்னு எழுதினதுக்கு ஆதாரம் எதுவும் போடல. எனக்கு தெரிஞ்ச பெரிய ஆய்வு நெதர்லாந்துல பண்ணது, 2016ல வந்துச்சு, 3,000க்கு மேல ஆளுங்க, ஒரு மாசம். குளிர்தண்ணில குளிச்சவங்க ஒடம்பு சரியில்லன்னு லீவு போடறது 29 சதவீதம் கொறஞ்சுது, அது நெசம். ஆனா நோயா இருந்த நாளு கொறையல! அதாவது சளி காய்ச்சல் வழக்கம் போல வந்துருக்கு, ஆனாலும் எந்திரிச்சு வேலைக்கு போயிருக்காங்க. இன்னொண்ணு, அவங்க யாரும் எடுத்த எடுப்புல ஐஸ்தண்ணிக்குள்ள எறங்கல, வழக்கம் போல வெந்நில குளிச்சு முடிச்சிட்டு கடைசில 30 செகண்டோ 60 செகண்டோ 90 செகண்டோ பச்சத்தண்ணிக்கு மாத்திருக்காங்க, 30 செகண்டு நின்னவங்களுக்கும் 90 செகண்டு நின்னவங்களுக்கும் பலன்ல வித்தியாசமே இல்ல. பெரிய வியாதி இருக்கறவங்கள ஆய்வுல சேக்கவே இல்ல, அதுதான் முக்கியம். உங்க கட்டுரைல வந்த ஐஸ் தொட்டிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. ஜிம்முக்கு போற பசங்களுக்கு இன்னொரு சேதி, வெயிட் தூக்கின கையோட ஐஸ்தண்ணில உக்காந்தா வலி கொறையும் ஆனா மசில் வளர்றதும் கொறையுதுன்னு 2015லயே ஆஸ்திரேலியாவுல ஆய்வு பண்ணி சொல்லிட்டாங்க, காசு குடுத்து ஐஸ் வாங்கறதுக்கு முன்னாடி யோசிச்சுக்கோங்கப்பா.

நம்ம ஊருல பச்சத்தண்ணின்னா என்ன? மே மாசம் மத்தியானம் மொட்டமாடி டேங்க் தண்ணில கைய வைக்க முடியாது, அது பச்சத்தண்ணியா வெந்நியா? ஐரோப்பாவுல குளிர்காலத்துல கொழாய்ல வர்றது நம்ம ஃப்ரிட்ஜ் தண்ணி கணக்குக்கு கிட்ட இருக்கும், நம்ம சமவெளி ஊர்கள்ல மார்கழில கூட அப்படி வராது. நாம தொட்டில முங்கறதும் கெடையாது, வாளில புடிச்சு கப்புல மோந்து ஊத்துறோம், அதனால வெளிநாட்டு ஆய்வுல சொன்ன நன்மையும் நமக்கு அப்படியே வராது, ஆபத்தும் அப்படியே வராது. ஊட்டி, கொடைக்கானல், நம்ம மலை அருவி இதெல்லாம் வேற கணக்கு.

வெந்நி பக்கமும் பேசணும். ஜப்பான்காரங்க தெனமும் சாயங்காலம் சுடுதண்ணி தொட்டில உக்காந்து எந்திரிக்கிறவங்க, அங்க 30,000 பேர சுமார் 20 வருஷம் கவனிச்சதுல தெனமும் அப்படி குளிச்சவங்களுக்கு இதய நோய், பக்கவாதம் கம்மியா இருந்துச்சுன்னு 2020ல வந்துச்சு. குளியலாலதானா இல்ல அவங்க மத்த பழக்கத்தாலயான்னு அத வெச்சு அடிச்சு சொல்ல முடியாது, இருந்தாலும் கேக்க நல்லா இருக்கு. ஆனா அதே ஜப்பான்ல குளிர்காலத்துல குளியல் தொட்டில வயசானவங்க எறந்து போறது பெரிய பிரச்சனையா இருக்கு. குளுந்த ரூமுல துணிய கழட்டும்போது பிரஷர் ஏறும், சூடான தண்ணில உக்காந்ததும் சர்ருன்னு எறங்கும், எந்திரிக்கும்போது தல சுத்தி தண்ணிக்குள்ளயே விழுந்துருவாங்க. அதனால தண்ணி 41 டிகிரிக்கு மேல வேண்டாம், 10 நிமிஷத்துக்கு மேல உக்கார வேண்டாம், குடிச்சிட்டு எறங்க வேண்டாம்னு அந்த நாட்டு கவர்மென்டே சொல்லுது. நம்ம ஊருலயும் பிரஷர் மாத்திரை போடற ஆச்சிமாரு நல்லா கொதிக்க கொதிக்க ஊத்திக்கிட்டு எந்திரிக்கும்போது செவத்த புடிச்சிக்கிட்டு நிக்கறத பாத்திருக்கேன், ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல போட்டு உக்காந்து குளிக்க வைங்க, உள்ள தாழ்ப்பா போட வேண்டாம், சும்மா சாத்திக்கிட்டா போதும். தூக்கம் வராதவங்களுக்கு வெந்நி உண்மையிலேயே நல்லது, படுக்கறதுக்கு ஒரு மணி ரெண்டு மணி நேரம் முன்னாடி குளிச்சா சீக்கிரம் தூக்கம் வருதுன்னு அமெரிக்கால டெக்சாஸ் யுனிவர்சிட்டில பல ஆய்வுகள தொகுத்து 2019ல சொன்னாங்க, கை கால்ல ரத்த ஓட்டம் கூடி உள்சூடு வெளிய போயிருதாம், அதான் காரணம். மூட்டு வலிக்கும் இதமா இருக்கும். தோல் வறண்டு அரிப்பு, எக்சிமா இருக்கறவங்க மட்டும் சூட்ட கொறச்சுக்கோங்க, அந்த நேரத்துக்கு சொகமா இருக்கும் ராத்திரி சொறிஞ்சே விடியும்.

வாட்சப்புல ஒரு ஃபார்வர்டு சுத்துது, தலைல மொதல்ல தண்ணி ஊத்தறதாலதான் பாத்ரூம்ல ஸ்ட்ரோக் வருதாம், கால்ல இருந்து ஊத்தணுமாம். கால்ல இருந்து ஆரம்பிக்கறது நல்ல பழக்கந்தான், ஒடம்புக்கு ஒரு சுதாரிப்பு கெடைக்கும், ஆனா ஊத்தற வரிசையாலதான் ஸ்ட்ரோக்குங்கறதுக்கு ஆதாரம் கெடையாது. அத நம்பிக்கிட்டு பிரஷர் மாத்திரைய விட்டவங்க இருக்காங்க, அதான் என் கவலை.

இதெல்லாம் ஒரு பக்கம் கெடக்கட்டும். எங்க வார்டுக்கு வந்தவங்கள வெச்சு சொல்றேன், சூடா குளிரான்னு பட்டிமன்றம் நடத்தறத விட தண்ணிய எதுல சுட வைக்கிறோம்ங்கறதுதான் பெரிய ஆபத்து, இத உங்க பேப்பர்ல யாரும் எழுத மாட்டேங்கறாங்க.

மொதல்ல கேஸ் கீசர். பாத்ரூமுக்குள்ளயே மாட்டி, குளிருதுன்னு வென்டிலேட்டர்ல அட்டைய சொருகி அடச்சு வெச்சா, காத்து பத்தாம கேஸ் அரைகுறையா எரிஞ்சு கார்பன் மோனாக்சைடு வரும். வாசனை கெடையாது, நெறம் கெடையாது, கண்ணு எரியாது. ரத்தத்துல ஆக்சிஜன் ஒட்டற எடத்துல இது 200 மடங்குக்கு மேல பலமா ஒட்டிக்கும். லேசா தலவலி, கெறக்கம், கால் தொவளும், கதவ தொறக்கணும்னு தோணறதுக்குள்ள விழுந்துருவாங்க. வெளிய இருக்கறவங்க மாரடைப்புன்னு நெனச்சுக்குவாங்க. கீசர் பாத்ரூமுக்கு வெளிய காத்தாட இருக்கணும், தண்ணி மட்டும் பைப்புல உள்ள வரணும், இத தவிர வேற வழியே இல்ல. யாராச்சும் இப்படி விழுந்து கெடந்தா மொதல்ல கேஸ அணைச்சு கதவு சன்னல தொறந்து ஆள வெளிய இழுங்க, 108க்கு அடிங்க, வந்தவங்ககிட்ட கேஸ் கீசர் ஓடிக்கிட்டு இருந்துச்சுன்னு மறக்காம சொல்லுங்க, அப்பதான் ஒடனே ஆக்சிஜன் வெப்பாங்க.

ரெண்டாவது இந்த ஹீட்டர் ராடு. வாளில போட்டுட்டு சூடாச்சான்னு விரல விட்டு பாக்கறது, அதுவும் இரும்பு வாளி, ஈரத்தரை, வெறுங்காலு! சுவிட்ச அணைச்சு, பிளக்க புடுங்கி, ராட வெளிய எடுத்து வெச்சப்புறம் தொடுங்க, அதுக்கு முன்னாடி வாளிப் பக்கமே போகாதீங்க. வீட்டுக்கு 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்சிசிபி, அதான் கரண்டு கசிஞ்சா ஒடனே தானா அணைக்கிற சுவிட்ச், போட சொன்னா செலவுங்கறாங்க, அதே வீட்டுல டைல்சுக்கு எவ்வளவு ஆச்சுன்னு கேட்டுப் பாருங்க.

மூணாவது வெந்நி கொட்டறது. 60 டிகிரி தண்ணி அஞ்சு செகண்டுக்குள்ள பெரியவங்க தோலையே ஆழமா பொசுக்கிரும், கொழந்த தோலு இன்னும் மெல்லிசு. அடுப்புல இருந்து எறக்கின அண்டாவ பாத்ரூம் வாசல்ல வெச்சிட்டு துண்டு எடுக்க போற நேரத்துல தவழுற புள்ள போயி கவுத்துருது, தீபாவளி பொங்கல்னு வீட்டுல கூட்டம் இருக்கற நாள்ல இது அதிகம். வாளில எப்பவும் பச்சத்தண்ணிய மொதல்ல புடிங்க, அப்புறமா வெந்நிய ஊத்தி வெளாவுங்க, கீசர்ல சூட்ட கட்டுப்படுத்துற தெர்மோஸ்டாட்ட 50 டிகிரிகிட்ட கொறச்சு வைங்க. கொட்டிருச்சுன்னா 20 நிமிஷம் கொழாத்தண்ணிய ஓட விட்டு காட்டுங்க, இட்லி மாவு, பேஸ்ட்டு, பேனா மை எதுவும் வேண்டாம், அத சொரண்டி எடுக்கறதுக்குள்ள எங்களுக்கும் அழுகை வந்துரும் புள்ளைக்கும் வலில உயிர் போற மாதிரி ஆயிரும். சுகர் இருக்கறவங்க கால் வலிக்கு வெந்நில கால வெக்கிறது இன்னொரு கொடும. காலுல உணர்ச்சி மங்கியிருக்கும், சூடு தெரியாது, கொப்புளம் வந்தப்புறம்தான் பாப்பாங்க, அது புண்ணாகி விரல எடுக்கற வரைக்கும் போயிருக்கு. வீட்டுல வேற ஆளு முழங்கைய விட்டு பாத்துட்டு சொல்லட்டும், இல்லன்னா ஒத்தடமே வேண்டாம்.

பொறந்த புள்ளைய ஒடனே குளிப்பாட்டாதீங்க, 24 மணி நேரமாவது தள்ளி போடுங்கன்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது, ஒடம்பு சூடு எறங்கிரும். மூக்குல எண்ணெ விடறதும் வேண்டாம், நுரையீரலுக்கு போயி நிமோனியா ஆகும். காய்ச்சலுக்கு ஐஸ்தண்ணி வெச்சு தொடைக்காதீங்க, நடுக்கம் வந்து சூடு இன்னும் ஏறும். ஆனா வெயில்ல வேல பாத்து சுருண்டு விழுந்து, ஒடம்பு நெருப்பா கொதிச்சு, பேச்சு கொழறுதுன்னா அது வேற, அங்க பச்சத்தண்ணிதான் மருந்து, கெடச்ச தண்ணிய ஊத்திக்கிட்டே ஆம்புலன்சுக்கு சொல்லுங்க, இத சித்திரைக்கு முன்னாடி ஒரு தடவ போடுங்க.

விரதத்துக்கு வெந்நி ஆகாதுன்னு சொல்றவங்களுக்கு: எங்க தெரு குருசாமி அண்ணாச்சிக்கே பைபாஸ் ஆயிருக்கு, அவரு வெதுவெதுன்னு வெளாவித்தான் குளிக்காரு, அவருகிட்ட மாலை போட்டுக்க வர்ற வயசான சாமிகளுக்கும் அதையேதான் சொல்றாரு.

ஆசிரியர் கிட்ட நான் கேக்கறது ரெண்டே ரெண்டு. நெஞ்சுவலி, ஸ்டென்ட், கட்டுப்படாத பிரஷர், வலிப்பு, குளிர் பட்டா விரல் வெளுக்கறது இல்ல தடிப்பு வர்றது, கர்ப்பம், இந்த ஆளுங்க டாக்டர கேக்காம குளிர்தண்ணில முங்கக்கூடாதுன்னு ஒரு கட்டம் கட்டி போடுங்க. கேஸ் கீசரையும் ஹீட்டர் ராடையும் பத்தி அரைப்பக்கம், ஐஸ் தொட்டி படத்த எவ்வளவு பெருசா போட்டீங்களோ அதே சைசுல, மார்கழி பொறக்கறதுக்குள்ள போடுங்க.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர்,
தென்காசி