ஹுளிமாவிலிருந்து ஒரு கடிதம்

அன்பு மாப்ளைக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆயிற்று. பதில் எழுதாததற்குக் காரணம் சோம்பல்தான், வேறொன்றும் இல்லை. முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. மாடிப்படி ஏறாதீர்கள் என்கிறார் டாக்டர், வீடு மூன்றாவது மாடியில் இருக்கிறது. சரி, அதை விடு.

கன்னட எழுத்தாளர் பானு முஷ்தாக்குக்கு 2025-இல் சர்வதேச புக்கர் கிடைத்ததைச் சொல்லி, இத்தனை வருஷம் பெங்களூரில் இருந்துகொண்டு அவரைப் பற்றி ஒரு வார்த்தை எழுதினாயா என்று திட்டியிருந்தாய். நியாயம்தான். ஆனால் அவரைத் தேடிப் போனால் வழியில் லங்கேஷ் உட்கார்ந்திருக்கிறார். 80களில் அவர் நடத்திய 'லங்கேஷ் பத்ரிகெ'யின் நிருபர் பானு. இன்னொரு கன்னட எழுத்தாளர் சாரா அபூபக்கரின் முதல் நாவல் 'சந்திரகிரிய தீரதல்லி' தொடராக வந்ததும் அதே பத்திரிகையில்தான்.

பத்திரிகையாளர் கௌரி லங்கேஷை உனக்குத் தெரியும், 2017 செப்டம்பரில் அவர் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றார்களே. அவருடைய அப்பா பி. லங்கேஷை நம் பக்கத்தில் அவ்வளவாகப் படித்ததில்லை. 1935-இல் சிவமொக்கா மாவட்டம் கோணகவள்ளியில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பெயரைப் பார், ராவணன் பெயர்! பெங்களூரில் ஆங்கில வாத்தியாராக இருந்தார். 'சம்ஸ்கார' என்ற கன்னடப் படத்தில் ஆச்சாரத்தையெல்லாம் தூக்கி எறிந்த நாரணப்பாவாக நடித்தவர் அவர்தான். அப்புறம் தானே படம் எடுக்க இறங்கி, முதல் படம் 'பல்லவி'க்கே சிறந்த இயக்குநருக்கான தேசிய விருது வாங்கினார். அதில் தன் நாவலையே படமாக்கினார், ஆனால் கதையை நாயகியின் பக்கம் நின்று சொன்னார். மொத்தம் நாலே படம். 1980-இல் வாரப் பத்திரிகை தொடங்கிய பிறகு இயக்கத்தின் பக்கம் திரும்பவில்லை.

போன மாதம் அவென்யூ ரோடு பழைய புத்தகக் கடையில் அந்தப் பத்திரிகையின் இதழ் ஒன்று கிடைத்தது. ஓரமெல்லாம் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. என் கன்னடம் பஸ் போர்டு படிக்கிற கன்னடம், உனக்குத் தெரியாததா, எழுத்துக் கூட்டித்தான் படித்தேன். புரட்டும்போது ஏதோ குறைகிறதே என்று தோன்றியது, என்னவென்று பிடிபடக் கொஞ்ச நேரமாயிற்று. விளம்பரமே இல்லை. சோப்பு இல்லை, புடவைக் கடை இல்லை, அரசாங்க டெண்டர் இல்லை. வாங்குகிறவன் கொடுக்கிற காசில் மட்டுமே ஓடிய பத்திரிகை, அதனால்தான் முதலமைச்சராக இருந்த குண்டுராவை வாராவாரம் போட்டு வறுக்க முடிந்தது. 1983-இல் கர்நாடகத்தில் காங்கிரஸ் முதல்முறையாகத் தோற்றதில் லங்கேஷுக்கும் பங்கு உண்டு என்று இங்கே பெரியவர்கள் இன்னமும் சொல்வார்கள்.

எனக்கு அதைவிடப் பிடித்தது அது தன்னை அழைத்துக்கொண்ட விதம். 'ஜாண ஜாணெயர பத்ரிகெ', அதாவது கெட்டிக்காரன்கள், கெட்டிக்காரிகளின் பத்திரிகை. அரசியல் பத்திரிகையைப் பெண்ணும் படிப்பாள் என்று அந்தக் காலத்திலேயே பெயரோடு சேர்த்துச் சொன்ன ஆள். சொன்னதோடு நிற்காமல் எழுதவும் வைத்தார். ஹாசனிலிருந்து பானு மாதிரி ஒரு முஸ்லிம் பெண் அரசியலும் சமூகமும் எழுதி அனுப்ப, அது அச்சாகியிருக்கிறது, யோசித்துப் பார். முதலமைச்சரைத் திட்டப் பத்துப் பேர் கிடைப்பார்கள் மாப்ளே, இது அப்படியில்லை.

ரொம்பப் புகழ்கிறேன் என்று நினைக்காதே. முன்கோபி, குதிரைப் பந்தயப் பிரியர். 'பிரகதிரங்க' என்று ஓர் அரசியல் அமைப்பு தொடங்கி ஊர் ஊராகப் போனார், அது நிலைக்கவில்லை. 2000 ஜனவரியில் இறந்தார். ஆங்கிலத்திலேயே எழுதிப் பழகிய கௌரி அப்பாவின் நாற்காலியில் வந்து உட்கார்ந்து, கிட்டத்தட்ட புதிதாகக் கன்னடம் எழுதிப் பழகினார். இன்னொரு மகள் கவிதா அப்பாவின் 'அக்க' நாவலை 'தேவீரி' என்று படமாக்கினார். அது எங்கேயாவது கிடைத்தால் பார்.

லங்கேஷின் தன்வரலாற்றுக்குப் பெயர் 'ஹுளிமாவின மர', புளிப்பு மாமரம். அதைக் கேட்ட பிறகுதான், இருபது வருஷமாக நான் பஸ் ஏறுகிற ஹுளிமாவுக்கும் அதே அர்த்தம்தான் என்று மண்டையில் ஏறியது. வீட்டில் சொன்னேன். "இவ்வளவு நாள் தெரியாதா?" என்றாள்.

அடுத்த மாதம் வருகிறாய் அல்லவா, அந்த இதழை எடுத்து வைத்திருக்கிறேன். மெதுவாகப் புரட்டு.

உன் பழைய ரூம்மேட்