எனக்கு அதில் பழைய நினைவு எதுவும் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கணினி விளையாட்டுகளைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அவற்றை இன்றும் கொண்டாடுகிறவர்கள் உண்மையில் கொண்டாடுவது தங்கள் இளமையைத்தான், விளையாட்டை அல்ல என்று கட்டுரையாளர் முடித்திருந்தார். இதை மறுக்க எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு. 1989இல் வெளிவந்த 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா'வை என் 62ஆம் வயதில், போன மாதம்தான் முதன்முறையாக ஆடினேன்.

அப்படி ஒன்று இருப்பது மட்டும் முன்பே தெரியும். தொண்ணூறுகளில் நான் தட்டச்சராக இருந்த அலுவலகத்தில் கணினிக்கென்று ஒரு குளிர்பதன அறை இருந்தது. செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். என்னைப் போன்றவர்கள் கழற்றினாலும் போக முடியாது. மதிய உணவு வேளையில் உள்ளேயிருந்து இளைஞர்கள் 'ஐயோ, முள்!' என்று கத்துவது கேட்கும். என்ன முள் என்று கேட்க எனக்குக் கூச்சம். 30 வருடம் கழித்து என் மகன் மடிக்கணினியில், பழைய விளையாட்டுகளைப் புதுக் கணினியில் ஓடவைக்கும் டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருளைப் போட்டு அந்த விளையாட்டைத் திறந்து கொடுத்தான். நான் பார்த்த முதல் முள், தரையிலிருந்து சரேலென்று எழுந்து இளவரசனைக் குத்தி நிறுத்தியது. நானும் கத்தினேன்.

கதை சின்னது. சுல்தான் ஊரில் இல்லாத சமயம் பார்த்து அமைச்சன் ஜாஃபர் இளவரசியைப் பிடித்து வைத்துக்கொண்டு, ஒரு மணி நேரத்துக்குள் என்னை மணந்துகொள், இல்லையேல் சாவு என்கிறான். அவள் காதலன் நிலவறையில் கிடக்கிறான். அவன் மேலே வந்து சேர நமக்கு 60 நிமிடம். எத்தனை முறை செத்தாலும் அந்தக் கட்டத்தின் தொடக்கத்திலிருந்து மறுபடி ஆடலாம், ஆனால் போன நிமிடம் போனதுதான். இளவரசியின் பங்கு மிகக் குறைவு என்பதில் எனக்கு மனத்தாங்கல் உண்டு. எட்டாம் கட்டத்தில், மாட்டிக்கொண்டவனுக்குக் கதவு திறக்க ஒரு வெள்ளெலியை அனுப்புகிறாள், அவ்வளவுதான். அந்த எலி வந்தபோது நான் கைதட்டினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முதல் ஒரு வாரம் ஒன்றும் பிடிபடவில்லை. ஷிப்ட் விசை என்றால் தமிழ்த் தட்டச்சில் அதே விசையில் வேறு எழுத்து வரும். இங்கே அதை அழுத்தினால் கால் அடிமேல் அடியாக நடக்கிறது. குதிக்கும்போது அழுத்தினால் கை விளிம்பைப் பற்றிக்கொள்கிறது. ஓடுகிறவன் விசையை விட்டதும் நின்றுவிடுவதில்லை, சறுக்கிக்கொண்டு இரண்டடி போய்த்தான் நிற்கிறான். அந்த இரண்டடியில் பள்ளம் இருந்தால் அவன் விதி. மகன் ஆடிப் பழகிய மரியோவில், குதித்த பிறகு நடுவானில்கூடத் திசையைச் சற்றுத் திருப்பிக்கொள்ளலாமாம். இதென்னம்மா, சொன்ன பேச்சே கேட்க மாட்டேன் என்கிறானே என்று அவன் சலித்துக்கொண்டு எழுந்து போய்விட்டான். எனக்கோ அந்த இடத்தில்தான் ஆட்டம் பிடித்துப்போனது. தட்டச்சு இயந்திரத்தில் அடித்த எழுத்து அடித்ததுதான். கார்பன் தாளுக்கு அடியில் நாலு படி இருந்தால் நாலிலும் பிழை விழும். ஆகவே விரலுக்கு முன்னால் கண் போயிருக்க வேண்டும். இளவரசனும் அந்தச் சாதி. எத்தனை அடி ஓடினால் பள்ளம் தாண்டலாம், எந்தக் கல் காலடியில் ஆடும் என்று பார்த்து வைத்துக்கொண்ட பிறகே விசையைத் தொட வேண்டும்.

அவன் ஏன் அப்படி ஓடுகிறான் என்பதைப் பிறகு தேடிப் படித்தேன். இதை உருவாக்கிய அமெரிக்கர் ஜோர்டன் மெக்னர், 1985இல் தன் தம்பிக்கு வெள்ளை உடை போட்டுவிட்டு, ஓடவும் குதிக்கவும் தொங்கி ஏறவும் சொல்லி வீடியோ எடுத்திருக்கிறார். பிறகு ஒவ்வொரு அசைவையும் அதிலிருந்து பார்த்து வரைந்திருக்கிறார். இசை அவருடைய அப்பா. ஆக, நான் தள்ளிவிட்டு, தள்ளிவிட்டுக் கொன்றது யாரோ ஒரு வீட்டுப் பையனை. அவன் உடம்புக்கு எடை இருப்பதும் அதனால்தான்.

எல்லாமே மெச்சும்படி இல்லை. வாள்சண்டை சீக்கிரமே அலுத்துவிடுகிறது. தடு, குத்து, தடு, குத்து என்று பெரும்பாலான காவலர்களைச் சாய்த்துவிடலாம். மூன்றாம் கட்டத்து எலும்புக்கூடு மட்டும் விதிவிலக்கு. எத்தனை குத்தினாலும் சாகாது, பள்ளத்தில்தான் தள்ள வேண்டும்.

ஆடப் போகிறவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். நான்காம் கட்டத்தில் வழியை மறித்து ஒரு கண்ணாடி நிற்கிறது. ஓடிவந்து அதற்குள் பாய்ந்தால், இளவரசனின் நிழல் மறுபுறமாகப் பிய்த்துக்கொண்டு ஓடுகிறது. பிறகு நம் மருந்தை அது குடிக்கிறது, நாம் தாண்டும் நேரத்தில் கதவைச் சாத்துகிறது. பன்னிரண்டாம் கட்டத்தில் வாளோடு எதிரே வருகிறது. நான் அதைக் குத்தினேன். என் உயிர் குறைந்தது. மறுபடி குத்தினேன், மறுபடி குறைந்தது. மூன்று நாள் மாலை இப்படியே வீணாயிற்று. மகனிடம் கேட்கவில்லை. நாலாம் நாள், போதும் என்று வாளை உறையில் போட்டேன். அதுவும் போட்டது. அருகே ஓடினேன், இருவரும் ஒருவரானோம். விளையாட்டு உருவான காலத்துக் கணினியின் நினைவகத்தில் புதிதாக ஒரு எதிரியை வரைந்து வைக்க இடமில்லாததால், இருந்த இளவரசன் படங்களைக் கொண்டே இந்த நிழலை உண்டாக்கினாராம் மெக்னர். இதில் என் இளமை எங்கே வருகிறது என்று கட்டுரையாளர்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. இந்த விளையாட்டின் மூல நிரல், அதாவது மெக்னர் கணினிக்கு எழுதிய கட்டளைகள், தொலைந்துபோய், 2012இல் மெக்னரின் தந்தை வீட்டு அலமாரியில் பழைய பிளாப்பி வட்டுகளில் கிடைத்தது. அந்த அப்பா வீட்டை ஒழித்துக் கழிக்கிறவராக இருந்திருந்தால் போயிருக்கும். நம் மாவட்ட நூலகங்களில் கணினிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றிலாவது இத்தகைய பழைய விளையாட்டுகளை, உரிய அனுமதி பெற்று, வாசகர்கள் ஆடிப் பார்க்க வைக்கலாமே. பழைய புத்தகத்தை நினைவுக்காக மட்டுமா எடுத்துப் படிக்கிறோம்?

நேற்று ஜாஃபரின் எதிரே போய் நின்றபோது மூன்று நிமிடம் மீதி இருந்தது. கை நடுங்கியதில் தடுக்க வேண்டிய இடத்தில் குத்திவிட்டேன். இன்று மாலை பேரன் டியூஷன் போன பிறகு மறுபடி உட்கார வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தட்டச்சர்,
பாளையங்கோட்டை.