பட்டியலில் இல்லாத தள்ளுவண்டி

ஆசிரியர் அவர்களுக்கு,

கொரோனா ஊரடங்கில் எங்கள் தள்ளுவண்டி இட்லிக் கடை மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்தது. 2020 ஜூனில் சாலையோர வியாபாரிகளுக்காக மத்திய அரசு கொண்டுவந்த ஸ்வநிதி திட்டத்தில் அப்போது முதலில் கிடைத்தது 10,000 ரூபாய், அதுவும் கடன். ஜாமீன் கேட்பதில்லை, ஒழுங்காகத் தவணை கட்டினால் 7 சதவீத வட்டி மானியம் உண்டு. நல்ல விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் கணக்கெடுப்புப் பட்டியலில் இருப்பவர்களுக்குத் தரும் விற்பனைச் சான்றோ, இல்லையென்றால் உள்ளாட்சியின் பரிந்துரைக் கடிதமோ வேண்டுமே! எங்கள் பகுதியில் கணக்கெடுக்க வந்தவர்கள் காலை 11 மணிக்கு வந்தார்கள். இட்லிக் கடையை ஒன்பதரைக்கே ஏறக்கட்டிவிடுவோம். பட்டியலில் அம்மா பெயர் இல்லை. கடிதத்துக்காக எத்தனை நடை!

அதே ஆண்டு இங்கிலாந்தில் கடைக் கட்டட வரியில் சலுகை பெற்ற சிறு கடைகளுக்கு உள்ளாட்சி மன்றங்கள் வழியாக 10,000 பவுண்டு போனது. திருப்பிக் கட்ட வேண்டாத பணம். அவ்வளவு நம்மால் முடியாது, தெரியும். 2014ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டப்படி ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது கணக்கெடுக்க வேண்டும். அதையாவது விடியற்காலையிலும் இரவிலும் வந்து எடுக்கக் கூடாதா?

– இட்லிக் கடைக்காரரின் மகன்