கட்டு அவிழ்த்த பிறகு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கண்புரை ஆபரேஷனில் பார்வை திரும்பிய சிறுமியைப் பற்றிப் போன வாரம் செய்தி போட்டிருந்தீர்கள். சந்தோஷமாகத்தான் படித்துக்கொண்டு வந்தேன். நடுவில், 'பெற்றோரின் அலட்சியத்தால் சிகிச்சை தாமதமானது' என்று ஒரு வரி. அதற்குமேல் படிக்க மனம் வரவில்லை.

நான் காசிமேட்டில் மீன் விற்கிறவள். என் மகனின் முதல் பிறந்தநாள் போட்டோவில் ஒரு கண்மணி சிவப்பாகவும் இன்னொன்று பால்போல வெள்ளையாகவும் இருந்தது. மறுநாளே பக்கத்து கிளினிக்கில் போட்டோவைக் காட்டினேன். "லைட் பட்டிருக்கும்மா, வளர வளரச் சரியாகிடும்" என்றார் டாக்டர். படித்தவர் சொன்னதை நம்பினேன். இதுவா அலட்சியம்? மூன்று வயதில் அங்கன்வாடி டீச்சர் நல்ல கண்ணைப் பொத்திப் பார்த்தபோதுதான், பிள்ளை சுவரில் போய் முட்டினான்.

எழும்பூர் கண் ஆஸ்பத்திரி 1819-லேயே தொடங்கியது என்பது உங்களுக்குத் தெரியாததில்லை. அவ்வளவு பக்கத்தில் இருந்தும் எங்களுக்கு வழி சொல்ல ஆளில்லை. வெட்டு குத்து என்றால் எங்கள் பக்கம் ஓடி வருகிறீர்கள். 2023 டிசம்பரில் எண்ணூரில் எண்ணெய் மிதந்தபோதும் படம் போட்டீர்கள். அப்புறம் எப்படிப் பிழைத்தீர்கள் என்று கேட்க யாரும் வரவில்லை ஐயா.

இந்தச் செய்தியும் கட்டு அவிழ்த்ததோடு முடிந்துவிட்டது. என் மகனுக்கும் புரை ஆபரேஷன்தான் செய்தார்கள். எங்களுக்கு அங்கேதான் ஆரம்பித்தது. பார்க்காமலே கிடந்த கண்ணுக்கு மூளை பழக வேண்டுமாம். அதற்கு நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் ஒட்டுப் போட்டு மூட வேண்டும். பிய்த்து எறிவான், புருவ முடியும் சேர்ந்து வரும். "இருட்டா இருக்கும்மா" என்று அழுவான். முன்னால் மீன் கூடை, மடியில் அவன். இரண்டு கையையும் பிடித்துக்கொண்டே வியாபாரம் பார்த்தேன். இரண்டு வருஷம் இப்படி. செக்கப் போகிற நாளில் அந்த வியாபாரமும் கிடையாது.

இப்போது அந்தக் கண்ணால் பஸ் நம்பர் படிக்கிறான், புத்தக எழுத்து தெரியவில்லை. கைக்குழந்தையிலேயே செய்திருந்தால் இன்னும் நன்றாக வந்திருக்கும் என்று ஆபரேஷன் செய்த டாக்டர் சொன்னார். அந்தப் பேச்சை நினைத்தால் இன்றும் சோறு இறங்காது.

ஒரு சின்னப் பெட்டிச் செய்தி போடுங்கள், போதும். போட்டோவில் குழந்தையின் கண்மணி வெள்ளையாகத் தெரிந்தால் உடனே கண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். புரையாக இருக்கலாம், புற்றுநோய்க் கட்டியாகவும் இருக்கலாம். ராசிபலனுக்குப் பக்கத்தில் போட்டால் எங்கள் தெருவில் எல்லோரும் படிப்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
காசிமேடு, சென்னை-13