கதிரவன் எழுந்தான், மீசை எழவில்லை

கடலூர்,
12-1-2025

அன்புள்ள கலியமூர்த்திக்கு,

உன் கடிதம் வந்து ஆறு வாரங்கள் ஆகிவிட்டன. பதில் தாமதமானதற்குப் பழியைத் தென்பெண்ணையின் மேல் போடுகிறேன். நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்ததையும், அடுத்த இரண்டொரு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் கடலூர்ப் பக்கத்து ஊர்களுக்குள் புகுந்ததையும் நீ சேலத்தில் இருந்தபடியே தொலைக்காட்சியில் பார்த்திருப்பாய். எங்கள் வீட்டில் கணுக்கால் அளவுக்குத்தான் தண்ணீர் நின்றது. ஆனால் புத்தக அலமாரியின் கீழ்த்தட்டை நனைக்க அதுவே போதுமானதாக இருந்தது. தண்ணீர் வடிந்த பிறகு மாடியில் கொடி கட்டிப் புத்தகங்களை வேட்டி உலர்த்துவதுபோல் உலர்த்தினேன். கல்யாண வீட்டுப் பந்தலில் நிற்பவனைப்போல் இரண்டு நாள் அங்கேயே நின்று, காக்கைகளை விரட்டினேன்.

உன் கேள்விக்கான விடை அந்தக் கொடியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. பதின்மூன்று வயதுப் பேத்தி ஆங்கிலத்தில் ஏதோ நாட்குறிப்பு வடிவ நாவலைப் படித்துத் தனியே சிரிக்கிறாள், அருகில் போனால் மூடிவிடுகிறாள், இதேபோல் தமிழில் ஒன்று வாங்கிக் கொடு என்று கேட்டால் எதைக் கொடுப்பது என்று எழுதியிருந்தாய். இரவெல்லாம் யோசித்தும் எனக்கு ஒரு பெயரும் தோன்றவில்லை. முப்பது ஆண்டுகள் தமிழ் கற்பித்தவனுக்கு அது கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. அப்போதுதான் நனைந்த புத்தகக் கட்டுக்குள் ஒரு கட்டுரை நோட்டு அகப்பட்டது. 1971-இல் நாம் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது நான் எழுதிய நாட்குறிப்பு.

அதைப் படித்தபோது எனக்கு முதலில் சிரிப்பு வரவில்லை. என் மருமகள் வாங்கிப் படித்துவிட்டுத் துணி துவைக்கும் கல்லின்மேல் உட்கார்ந்து கண்ணீர் வரச் சிரித்த பிறகுதான் என்ன எழுதியிருக்கிறேன் என்று திரும்பிப் பார்த்தேன். நமக்குத் தெரிந்த எழுத்து ஒன்றே ஒன்றுதான் இருந்தது அல்லவா? ஆகவே ஒவ்வொரு நாளுக்கும் முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று தலைப்பிட்டு அடிக்கோடும் போட்டிருக்கிறேன். முதல் நாள் இப்படித் தொடங்குகிறது: "இன்று காலை கீழ்வானில் கதிரவன் எழுந்தான். என் மீசை எழவில்லை." முடிவுரையில், "ஆகவே முயற்சி திருவினையாக்கும்" என்று இருக்கிறது. என்ன முயற்சி என்பது பொருளுரையில் இல்லை. விளக்கெண்ணெய் தடவியது எனக்கு நினைவிருக்கிறது.

இன்னொரு நாள் உனக்கும் நினைவிருக்க வேண்டும். வழிபாட்டுக் கூட்டத்தில் சொற்றுணை வேதியன் பதிகத்தைப் பாட என்னை நிறுத்தினார்கள். கல்லோடு கட்டிக் கடலில் போட்ட அப்பர் அதைப் பாடித்தான் நம் ஊர் ஓரத்தில் கரையேறினார் என்பதும், கரையேறவிட்டகுப்பம் என்று ஓர் ஊரே இருப்பதும் நம் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அவரைக் கரை சேர்த்த பதிகம் என்னை இரண்டாம் அடிக்கு அப்பால் போகவிடவில்லை. பெண்குரலில் ஏறிய பாட்டு எருமைக் குரலில் இறங்கியது. முதலில் சிரித்தவன் நீ. அன்றிரவு நான் எழுதியிருப்பது: "இன்று வழிபாட்டுக் கூட்டத்தில் என் குரலில் இயற்கையான மாற்றம் ஒன்று நிகழ்ந்தது. மாணவர்கள் மகிழ்ச்சி ஆரவாரம் செய்தனர்."

கலியமூர்த்தி, அந்தப் பையன் வேடிக்கை காட்டவில்லை. மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கிறான். மருமகளைச் சிரிக்கவைத்தது அதுதான். அவன் தன்னை வேடிக்கையானவன் என்று நினைத்து எழுதியிருந்தால் நான்கு வரியில் சலித்திருக்கும். வளரும் பருவத்தைப் பற்றிய நகைச்சுவை நாவல் முழுவதும் இந்த ஓர் இழையில்தான் தொங்குகிறது என்று எனக்குத் தோன்றுகிறது: சொல்பவனுக்குத் தெரியாதது படிப்பவனுக்குத் தெரிய வேண்டும்.

இதை மிக நன்றாகச் செய்தவர் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்துச் சூ டவுன்சென்ட். அவருடைய ஏட்ரியன் மோல் என்னும் பையனின் நாட்குறிப்பு 1982-இல் நூலாக வந்தது. பையனுக்கு வயது பதின்மூன்றே முக்கால். அந்த முக்காலைப் பார்த்தவுடனே எழுத்தாளருக்கு அந்த வயது தெரியும் என்று நமக்கு நம்பிக்கை வந்துவிடுகிறது. நாமும் பதினான்குக்கு எத்தனை மாதம் பாக்கி என்று எண்ணிக்கொண்டிருந்தவர்கள்தாமே! அவன் தன்னை அறிவுஜீவி என்று முடிவு செய்துகொண்டு வானொலி நிலையத்துக்குக் கவிதைகள் அனுப்புகிறான், முகத்துப் பருவைப் பற்றிப் புலம்புகிறான், பாண்டோரா என்னும் பெண்ணை நினைத்து உருகுகிறான். இவையெல்லாம் எவரும் எழுதக்கூடியவை. ஆனால் அதே பக்கங்களில் அவன் தாய் பக்கத்து வீட்டுக்காரரோடு நெருங்குவதும், வீட்டை விட்டுப் போவதும், தந்தை வேலையிழந்து உட்கார்ந்திருப்பதும் நடந்துகொண்டிருக்கின்றன. பையனோ தன் பருவையும் அதையும் ஒரே தட்டில் வைத்து எழுதிக்கொண்டு போகிறான். பதின்மூன்று வயதில் படிப்பவள் பருவுக்குச் சிரிப்பாள். அதே நூலை முப்பது வயதில் எடுத்தால் சிரித்த இடத்தில் நெஞ்சு கனக்கும். டவுன்சென்ட் எங்கேயும் குறுக்கிட்டு, 'பாவம் பிள்ளை' என்று சொல்வதில்லை.

நம் மொழியில் இந்தப் பருவத்தைப் பற்றிய சிரிப்பு இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். சுஜாதாவின் ஸ்ரீரங்கத்து தேவதைகளை நீயும் நானும் இரவல் வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பித் தராமல் இருந்தோம். ஆனால் அங்கே பேசுவது வளர்ந்து முடித்த மனிதர். கரையில் நின்று, தான் நீந்திய ஆற்றைக் காட்டுகிறார். கேட்பவரும் நீந்திக் கரையேறியவராக இருந்தால்தான் அந்தச் சிரிப்பு முழுதாக வரும். நம்மவர்களின் பால்யக் கதைகளில் பெரும்பாலானவை இப்படி நினைவுகளாகவே இருக்கின்றன. உன் பேத்திக்கு அது தாத்தாவின் ஊர்க்கதை. அவளோ இன்னும் தண்ணீருக்குள் இருக்கிறாள்.

ஆர்.கே. நாராயண் ஆங்கிலத்தில் எழுதினாலும் நம் வீட்டுப் பிள்ளையைத்தான் எழுதினார். 1935-இல் வந்த சுவாமியும் நண்பர்களும் நாவலில் அவர் பையனின் தலைக்கு மேலே நிற்காமல் தோளுக்குப் பக்கத்தில் நிற்கிறார். கடைசியில் ஊரை விட்டுப் போகும் ராஜத்துக்கு ரயில் நிலையத்தில் ஒரு புத்தகத்தைக் கொடுக்க சுவாமி ஓடுகிறானே, ராஜம் தன்னை மன்னித்தானா இல்லையா என்று தெரியாமலே வண்டி போய்விடுகிறதே, அந்த இடத்தில் அதுவரை சிரித்தவன் வாயை மூடிக்கொள்கிறான். சுவாமிக்குப் பத்து வயதுதான். இருந்தாலும் வளர்வது என்பது அந்த நடைமேடையில் நடந்துவிடுகிறது. நம் ஊர்க்காரர் எழுதியிருந்தால் அடுத்த வண்டியில் ராஜம் திரும்பி வந்திருப்பான். நட்பைப் பற்றி ஒரு குறளும் வந்திருக்கும்.

பாரதி புதுச்சேரியில் இருந்த பத்தாண்டுகளில் எழுதிய சின்னச் சங்கரன் கதையையும் உன் கடிதத்துக்குப் பிறகு மறுபடி எடுத்துப் பார்த்தேன். சிறு வயதிலேயே செய்யுள் கட்டத் தொடங்கிவிட்ட பையன், அவனைச் சுற்றி வெட்டிப் பொழுது போக்கும் ஜமீன், ஒரு முழ நீளப் பட்டப்பெயரோடு ஜமீன்தார். தன் எட்டயபுரத்துப் பிள்ளைப் பருவத்தைத்தான் பாரதி கேலி செய்கிறார் என்பது வெளிப்படை. தன்னையே பார்த்துச் சிரிக்கத் தெரிந்த அந்தக் குரல் முழுமையாகக் கிடைத்திருந்தால் நமக்கு ஒரு வழி பிறந்திருக்கும். கதை முற்றுப்பெறாமல்தான் கிடைக்கிறது. கிடைத்த வரையிலும்கூட ஜமீன்தாரைக் கிண்டல் செய்யும் சுகத்தில் பையன் அவ்வப்போது காணாமற்போய்விடுகிறான் என்பது என் கருத்து. நீ சண்டைக்கு வருவாய், தெரியும்.

அழவைக்கும் நூலுக்குக் குறைவில்லை. நம் ஊரிலேயே வாழும் எழுத்தாளர் ஆயிஷா நடராசன், ஆயிஷா என்னும் சிறுமியின் கதையால் எத்தனை ஆசிரியர்களை அழவைத்திருக்கிறார்! 2014-இல் சாகித்திய அகாதெமியின் பால புரஸ்கார் விருதும் அவருக்கு வந்தது. சிரிக்கவைப்பதற்குத்தான் நாம் அஞ்சுகிறோம். அதற்கு எனக்குத் தெரிந்த காரணம் மிகச் சாதாரணமானது. தமிழில் இந்த வயதுக்கான புத்தகத்தை வாங்குபவர் பெரியவர். படிக்க வேண்டியவள் சிறுமி. ஆகவே எழுதுபவர் வாங்குபவரைத் திருப்திப்படுத்தியாக வேண்டும். கடைசி அத்தியாயத்தில் தாத்தா ஒருவர் வந்து அறிவுரை சொல்வது அதற்காகத்தான். நானே பள்ளி நூலகத்துக்குப் புத்தகம் தேர்ந்தெடுத்த காலத்தில் அந்தத் தாத்தா இருக்கிறாரா என்று பார்த்துத்தான் கையெழுத்திட்டிருக்கிறேன். குற்றவாளிகளில் நானும் ஒருவன்.

பெண்பிள்ளைகளைப் பற்றி நினைத்தால் இந்த வெற்றிடம் இன்னும் பெரிதாகத் தெரிகிறது. அமெரிக்காவில் ஜூடி ப்ளூம் 1970-இலேயே, மார்கரெட் என்னும் சிறுமி தனக்கு மட்டும் இன்னும் பருவம் வரவில்லையே என்று கடவுளிடம் இரகசியமாக முறையிடுவதை நாவலாக எழுதிவிட்டார். அங்கே அது கடவுளுக்கு மட்டும் சொன்ன செய்தி. இங்கே என்ன நடக்கிறது? சென்ற மாதம் நம் பழைய தெரு முனையில் மஞ்சள் நீராட்டு விழாவுக்கு ஒரு பேனர் கட்டியிருந்தார்கள். தலைவர்களின் படங்கள் மேலே, வட்டச் செயலாளர் வலப்பக்கத்தில் ஆளுயரத்துக்கு, தாய்மாமன்மார் மூவர் கறுப்புக் கண்ணாடியோடு கீழே. விழா யாருக்கோ அந்தப் பெண் ஒரு மூலையில் தபால்தலை அளவுக்கு. ஒலிபெருக்கியில் சீர்வரிசைத் தட்டுகளின் எண்ணிக்கையை அறிவித்தார்கள். மண்டபத்தில் பட்டுப்புடவையின் பாரத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்த அந்தப் பிள்ளை, யாரும் பார்க்காதபோது மாலையிலிருந்து ஒரு ரோஜாவைப் பிய்த்து இதழ் இதழாகத் தின்றுகொண்டிருந்தாள். ஊருக்கெல்லாம் சொன்ன செய்தியைப் பற்றி அவளிடம் மட்டும் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் நாட்குறிப்பு எழுதினால் அந்த நாவலுக்கு முன்னால் நம்முடைய எழாத மீசை எம்மாத்திரம்?

அவள் எந்தத் தமிழில் எழுதுவாள் என்பதுதான் எனக்கு இன்னும் பிடிபடாத முடிச்சு. பேச்சுத் தமிழிலேயே முழு நாவலையும் எழுதினால் உயிர் இருக்கும்; நூறு பக்கத்துக்கு மேல் கண் களைத்துவிடும், அடுத்த மாவட்டத்துப் பிள்ளைக்குப் பாதி புரியாது. எழுத்துத் தமிழில் எழுதினால் பதின்மூன்று வயதுக்காரி நாற்பது வயதுத் தலைமையாசிரியைபோல் பேசுவாள். என் நோட்டு எனக்கு ஒரு வழியைக் காட்டுகிறது. நம் பிள்ளைகள் இன்றும் நோட்டில் எழுதும்போது கட்டுரைத் தமிழில்தான் எழுதுகிறார்கள். மனத்துக்குள் பேசுவது வேறு தமிழ். அந்த இரண்டும் முட்டிக்கொள்ளும் இடத்திலேயே சிரிப்பு தானாகப் பிறக்கிறது. 'மகிழ்ச்சி ஆரவாரம் செய்தனர்' என்பதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துப் பார், பாதி போய்விடும். நம் மொழியின் இரட்டை நடையைக் குறை என்று எண்ணி நாற்பது பேர் கருத்தரங்கம் நடத்துகிறார்கள். ஒரு நகைச்சுவை நாவலாசிரியருக்கு அது கொல்லையில் புதைத்து வைத்த புதையல்.

ஆகவே உன் பேத்திக்கு வாங்கிக் கொடுக்கப் புத்தகப் பெயர் எதையும் நான் எழுதப்போவதில்லை. அவள் மூடி வைக்கும் ஆங்கில நாவலை நீ எட்டிப் பார்க்காதே, அது அவளுடையது. இந்த நோட்டைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றிப் பொங்கலுக்குப் பிறகு கூரியரில் அனுப்புகிறேன். அவளிடம் கொடுத்து, உன் தாத்தாவும் இதில் வருகிறார் என்று மட்டும் சொல். மற்றதை அவளே பார்த்துக்கொள்வாள்.

ஒரு சிக்கல் இருக்கிறது. நாம் இருவரும் வீட்டுக்குத் தெரியாமல் பாண்டிக்குப் பேருந்தேறிப் படம் பார்க்கப் போன நாள் ஏழு பக்கம் எழுதப்பட்டிருக்கிறது. வெள்ளத்தில் அந்தப் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. இட்லிப் பானை ஆவியில் காட்டிப் பிரித்துப் பார்க்கலாம் என்கிறாள் மருமகள். மை கரைந்துவிடுமோ என்று எனக்குப் பயம். உன் நினைவில் இருப்பதை நீ தனியே எழுதி அனுப்பு. ஏழாம் பக்கத்தின் கடைசி வரி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு தெளிவாகத் தெரிகிறது. "முடிவுரை: கலியமூர்த்தி எனக்குத் தரவேண்டியது 65 காசு."

என்றும் உன்,
பதிகம் பாடியவன்