அறிவியல் எழுத்தும் ஒரு பணியே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதுநிலை அறிவியல் படித்தவர்களுக்கு ஆசிரியர் வேலையும் ஆய்வகமும் மட்டுமே வழி என்று எங்கள் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இன்றும் நம்பப்படுகிறது. ஆய்வு நிறுவனங்களில் அறிவியல் எழுத்தாளர், பதிப்பாசிரியர் என்ற பணிகளும் உண்டு என்பதை என் மாணவர்களில் பெரும்பாலோர் கேள்விப்பட்டதே இல்லை. இத்தனைக்கும் இந்திய அறிவியல் கழகம் இயங்கும் பெங்களூரு, ஓசூரைத் தாண்டினால் வந்துவிடுகிறது.

இப்பணி வெறும் எழுத்துப்பிழை திருத்தம் அன்று. நிதி கோரும் விண்ணப்பத்தையும் ஆண்டறிக்கையையும் எழுதுவதோடு, அட்டவணையில் உள்ள எண்ணும் கட்டுரையில் உள்ள எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்து, முடிவுரை சான்றை மிஞ்சிப் பேசினால் ஆய்வாளரிடமே கேள்வி கேட்கும் துணிவும் வேண்டும்.

இதன் அருமை, நிலத்தடி நீரில் ஃபுளூரைடு மிகுந்த தர்மபுரி மாவட்டத்துக்குத் தெரியும். குடிநீரில் அது லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊரில் கொடுக்கப்பட்ட துண்டறிக்கையில் புள்ளி விடுபட்டு 15 என்று அச்சாகியிருந்தது. கொதிக்க வைத்தாலும் ஃபுளூரைடு போகாது என்ற வரி எங்குமே இல்லை. அந்தத் துண்டறிக்கையை நம்பிய பக்கத்து வீட்டுப் பாட்டி, ஆழ்குழாய்த் தண்ணீரை நாள்தோறும் விறகடுப்பில் காய்ச்சிக் குடித்துவந்தார். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

பையூரில் உள்ள வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் போன்ற இடங்களின் ஆய்வு முடிவுகளை எளிய தமிழில் எழுதவும் சரிபார்க்கவும், இரு மாவட்டக் கல்லூரிகளும் முதுநிலை மாணவர்களுக்கு ஒரு பருவமாவது பயிற்சி அளிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியர்,
தர்மபுரி