மெனு ஐகான்களுக்கு ஒரே அமைப்பு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். லினக்ஸ் கணினிகளில் மெனு வரிகளின் பக்கத்தில் வரும் சிறிய ஐகான்கள் ஒரு செயலியில் தெரிவதும் அடுத்த செயலியில் காணாமல் போவதும் பல ஆண்டுகளாகத் தீராத குறை. இதை வெறும் அழகுப் பிரச்சினை என்று ஒதுக்குவது சரியல்ல.

லினக்ஸில் திரையின் தோற்றத்தையும் மெனுக்களையும் தரும் பணிமேடைகளில் ஒன்றான எக்ஸ்எஃப்சிஇயை எடுத்துக்கொள்வோம். அதன் தோற்ற அமைப்புகளில் மெனுக்களில் படங்களைக் காட்டுவதற்கென்றே ஒரு தேர்வுப் பெட்டி உள்ளது. அதை இயக்கினால், செயலிகளின் மெனுக்களையும் பொத்தான்களையும் அமைக்க உதவும் கருவித்தொகுப்பான ஜிடிகேயின் 3-ஆம் பதிப்பைக் கொண்டு பழைய முறையில் எழுதப்பட்ட செயலிகள் பணிகின்றன. ஜிடிகே 4 செயலிகள் பொருட்படுத்துவதில்லை. க்யூடி என்ற வேறொரு கருவித்தொகுப்பில் எழுதப்பட்ட செயலிகள் தம் போக்கில் நடக்கின்றன. லிப்ரே ஆபிஸ் என்ற அலுவலகச் செயலித்தொகுப்போ தன் விருப்பங்களின் 'பார்வை' பக்கத்தில் தானியங்கி, மறை, காட்டு என மூன்று தேர்வுகளைத் தனியாக வைத்திருக்கிறது. ஒரே விருப்பத்தைப் பயனர் எத்தனை இடங்களில் சொல்ல வேண்டும்?

இந்தக் குழப்பத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 2009 செப்டம்பரில் வெளிவந்த, க்னோம் என்ற மற்றொரு பணிமேடையின் 2.28 பதிப்பு மெனு ஐகான்களை இயல்பாகவே அணைத்து வைத்தது. எல்லா வரிகளிலும் படம் இருந்தால் எதுவும் தனித்துத் தெரியாது என்ற வாதத்தில் நியாயம் இருப்பதாகவே நான் கருதுகிறேன். ஆனால், பயனர் அணைத்து வைத்திருந்தாலும் குறிப்பிட்ட வரியில் மட்டும் படத்தைக் கட்டாயமாகக் காட்டும் வசதியை அதே ஆண்டில் ஜிடிகே 2.16 செயலி எழுதுவோருக்குத் தந்திருந்தது. கோப்புகள், சாதனங்கள், செயலிகள் போன்றவற்றின் பெயர்களுக்கு அது பொருத்தமே. எனினும் எந்த வரிக்கு அதைப் பயன்படுத்துவது என்பது அவரவர் முடிவாகிவிட்டதால், ஒரே மெனுவில் இரண்டு வரிகளுக்குப் படமும் மற்றவற்றுக்கு வெற்றிடமுமாக நிற்கும் காட்சி உருவானது. பின்னர் ஜிடிகே 3.10, மெனு ஐகான்களைக் காட்டவோ மறைக்கவோ உதவிய அமைப்பையே கைவிடத்தக்கது என அறிவித்தது. 2020 டிசம்பரில் வந்த ஜிடிகே 4-இல் அது அறவே இல்லை.

இதனால் அதிகம் சிரமப்படுவோர், மெனுவின் சொற்களை வேகமாக வாசிக்க இயலாதவர்கள். புதிதாகக் கணினி கற்பவரும் பார்வைக் குறைபாடு உள்ளவரும் 'வெட்டு' என்ற சொல்லைத் தேடுவதற்கு முன்பே கத்தரிக்கோல் படத்தைக் கண்டுகொள்கிறார்கள். மாறாக, படங்கள் கவனத்தைச் சிதறடிக்கின்றன என்போரும் இருக்கிறார்கள். எது சிறந்தது என்று மேம்பாட்டாளர்கள் தீர்ப்பளிப்பதைவிட, பயனர் ஒருமுறை சொன்னதை எல்லாச் செயலிகளும் மதிப்பதே முக்கியம்.

அதற்கு வழி இல்லாமலில்லை. இருண்ட தோற்றமா, வெளிர் தோற்றமா என்ற விருப்பத்துக்கு லினக்ஸ் பணிமேடைகளுக்குப் பொது வரையறைகளை உருவாக்கும் ஃப்ரீடெஸ்க்டாப் திட்டத்தின் போர்ட்டல் (செயலிகள் பணிமேடையின் அமைப்புகளைக் கேட்டறியும் பொது வழி) மூலம் ஒரு பொது மதிப்பு வரையறுக்கப்பட்டு, க்னோம், கேடிஇ ஆகிய பணிமேடைகள் அதை ஏற்றுக்கொண்டன. வெவ்வேறு கருவித்தொகுப்புகளில் எழுதப்பட்ட செயலிகளும் இன்று அந்த ஒரே மதிப்பைப் படித்துக்கொள்கின்றன. மெனு ஐகான்களுக்கும் அவ்வாறே காட்டு, மறை, விருப்பமில்லை என்ற மூன்று நிலைகள் கொண்ட பொது மதிப்பு ஒன்றை வரையறுக்கலாம். அதைப் படிக்கும் பொறுப்பை ஜிடிகே, க்யூடி ஆகிய கருவித்தொகுப்புகளே ஏற்றுக்கொண்டால், ஒவ்வொரு செயலியையும் தனித்தனியே திருத்த வேண்டிய வேலை பெருமளவு குறையும். பணிமேடைகளை உருவாக்குவோர் அடுத்த வெளியீடுகளுக்குத் திட்டமிடும்போது இதையும் எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
லினக்ஸ் பயனர் ஒருவர்